கிணற்றுத் தண்ணீரும் சாரதாவின் கையும்

சாரதாவின் மீன்களைக் கொன்றவள் நான்.

நஞ்சு எதையும் ஊற்றவில்லை. அவளுடைய தொட்டியைத் தொடக்கூட இல்லை. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயால் கொன்றேன். மீன்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும்... சுண்டுவிரல் நீளம்கூட வளராத மீனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிக்கவும் கூடும். சிரியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். செத்த மீன்களின் பழியைத் தூக்கி அவள் கைமேல் போட்டவளும் நான்தான். கைராசி இல்லாதவள் என்று ஒரு வீடே அவளை ஒதுக்கி வைத்ததே, அந்தப் பேச்சு என் வாயில்தான் முதலில் பிறந்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தொடங்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கும் வழியில்லை. சொல்லிப் பார்த்தேன். அது என்ன ஆனது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

சாரதா என் தம்பி முருகேசனின் மனைவி. நான் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, வாழ்க்கைப்பட்டது ராஜபாளையத்தில். பேருந்தில் ஏறி, பக்கத்தில் இருப்பவளிடம் எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்து முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டுதான் இத்தனையையும் செய்தேன்.

என் கணவர் நூற்பாலையில் ஃபிட்டர். எண்பதுகளின் கடைசியில் மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மெட்ராசுக்குப் போனவர், திரும்பும்போது காற்றடைத்த பாலித்தீன் பையில் இந்த மீன்களைக் கொண்டுவந்தார். கடைக்காரன் ராம் என்று பேர் சொன்னானாம். எங்கள் தெருக்காரர்கள் தாங்களாகவே அதை ராமர் மீன் ஆக்கிக்கொண்டார்கள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் பூசிய உடம்பு. அதன்மேல் நீலப் பொட்டுகள், மூக்குத்திக் கல் மினுக்குவதுபோல் மினுக்கும். கண் சிவப்பு, அந்தக் கண்ணின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. பெண் மீனின் வயிறு மட்டும் ரோஸ் நிறம். விளக்கைப் போட்டால் கூடமே அதைப் பார்க்கத் திரும்பும்.

கொண்டுவந்தவர் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். நான் திரும்பவில்லை. எனக்கு வேறு எதிலும் பெயர் கிடையாது. என் கோலம் சுமார். என் குழம்பு அதைவிடச் சுமார். இந்த மீன் ஒன்றில்தான் நான் கெட்டிக்காரி.

எதற்கும் முகம் சுளிக்கிற ஜாதி அது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும்போது தொட்டிக்கு மேல் குண்டு பல்பு எரிய வேண்டும். தண்ணீரை மொத்தமாக மாற்றக் கூடாது. ஒரு குடம் எடுத்தால் ஒரு குடம் ஊற்ற வேண்டும். அதுவும் அண்டாவில் ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து வாடை போன தண்ணீராக இருக்க வேண்டும். பஞ்சு ஃபில்டரைக் குழாயடியில் அலசிவிட்டால் போச்சு, தொட்டித் தண்ணீரிலேயே அதை லேசாகப் பிழிய வேண்டும். மில் காம்பவுண்டிலிருந்து காய்ந்த வாதாம் இலை பொறுக்கிவந்து போடுவேன். தண்ணீர் தேயிலை நிறமாகும், மீன்கள் அதில் சுகமாகத் திரியும். எல்லாம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ஒரு கோடையில் கிடைத்தது.

எங்கள் ஊர்க் குழாயில் வருவது மலைத் தண்ணீர். அந்தக் கோடையில் அது வற்றிப்போய், லாரியில் போர்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அன்று அடுப்பில் போட்ட துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை. கல் கல்லாகக் கிடந்தது. அதே தண்ணீரைத்தான் மீன் தொட்டியிலும் ஊற்றியிருந்தேன். இரண்டு நாளில் மீன்களின் நிறம் வெளுத்தது. துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய் நின்று மூச்சு வாங்கின. ஒன்று செத்தும் போனது. மலைத் தண்ணீர் திரும்ப வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினேன். மிச்சம் இருந்தவை தேறிவிட்டன.

அப்போதே எனக்குப் புரிந்தது. பருப்பு வேகாத தண்ணீரில் ராம் மீன் பிழைக்காது. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்படியில் நானாகக் கண்டுபிடித்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அந்தப் பெருமைதான் பிற்பாடு இந்த வேலையைச் செய்தது.

முருகேசனுக்குக் கல்யாணமாகி முதல் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவும் கூட வந்திருந்தாள். சாரதா கூடத்தில் நுழைந்தவள் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுப் பட்டுச்சேலை கசங்குவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"மதினி, செத்த வாங்களேன். அந்தத் தட்டைக் கல்லை ரெண்டும் மாறி மாறி வாயால தொடைக்குதுக. முட்டை போடப் போகுதுன்னு நினைக்கேன்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சாப்பிட்டு முடிப்பதற்குள் கல் முழுக்கக் கடுகுபோல் முட்டைகள். ஆண் மீனும் பெண் மீனும் துடுப்பால் விசிறிக்கொண்டு காவல் நின்றன. அதற்கு முன்னும் அந்த மீன்கள் முட்டை வைத்திருக்க வேண்டும். மற்ற மீன்கள் தின்று தீர்த்திருக்கும். நான் கவனித்ததே இல்லை! மற்ற மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னவளும் சாரதாதான்.

"சாரதாவுக்கு நல்ல கண்ணு" என்றார் என் கணவர். "நீ இம்புட்டு நாளா பாக்கே, உனக்குத் தெரியல பாரு."

சும்மா கேலிக்குச் சொன்னது அது. அம்மா அதோடு விட்டாளா? பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எம் மருமவ வந்த அன்னைக்கே மீனு முட்டை போட்டிருக்கு. அவ கண்ணுலதான் மொதல்ல பட்டுச்சு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி சாரதாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். என் தொட்டிக்கு முன்னால், என் கூடத்தில்!

எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வந்து முழுசாக ஒரு பகல் ஆகாதவள், எனக்கென்று இருந்த ஒரே பெயரையும் எடுத்துக்கொண்டாள் என்று வயிறு எரிந்தது.

குஞ்சுகள் வளர்ந்ததும் சாரதா ஒரு ஜோடி கேட்டாள். கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? முருகேசன் கண்ணாடித் தொட்டி ஒட்டி வாங்கி வைத்திருந்தான். மீனை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"எந்தத் தண்ணி ஊத்த மதினி? குழாத் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?"

பாருங்கள், எவ்வளவு சரியான கேள்வி! நூறு பேரில் ஒருத்திகூட அதைக் கேட்டிருக்க மாட்டாள். நான் வளர்ந்த வீட்டுக் கிணறு எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். சோப்பு நுரைக்காது. சமையலுக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வாள் அம்மா. கேட்டால், கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பாள்.

"கிணத்துத் தண்ணியே ஊத்து" என்றேன். "குழாத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் போடுதாக. மீனுக்கு ஆகாது."

இதுதான் அந்தப் பொய். கேட்டால் பொய் மாதிரியே தெரியாது. பிளீச்சிங் பவுடர் மீனுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. கிணற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்லவில்லை.

சாகட்டும் என்று நினைத்தேனா? இந்தக் கேள்வியை எனக்குள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை... முட்டை வைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

மீன்கள் செத்தன. அழுதுகொண்டே வந்தாள். இன்னொரு ஜோடி கொடுத்தேன். அதே கிணறு, அதே முடிவு. இரண்டாவது ஜோடியைப் பைக்குள் விடும்போது இவை பிழைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் கையால் வளர்த்த குஞ்சுகள்! தெரிந்தே கொடுத்தேன்.

என் கணவருக்கே சந்தேகம் வந்தது. "தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் ஊத்துதாளா?" என்று கேட்டார்.

"எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். அவ செய்யணுமே" என்றேன்.

இதற்கிடையில் முருகேசன் மதுரையிலிருந்து கப்பி மீன் கொஞ்சம் வாங்கிப்போய் அதே தொட்டியில் விட்டான். கப்பிக்கு அந்தக் கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். குட்டிமேல் குட்டி போட்டுத் தொட்டியை நிறைத்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவன் விட்டது பெருகுது. இவ விட்டது சாகுது" என்று என்னிடம் சொன்னாள். மீன் வேறு, அதற்கான தண்ணீர் வேறு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவதாக நான் கொடுத்த ஜோடியில் ஒன்று செத்துப்போய், ஒன்று சாகக் கிடந்தபோது சாரதா அதைத் தூக்குச்சட்டியில் போட்டு, தளும்பாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். சேலை முன்பக்கம் நனைந்திருந்தது. சட்டியைத் திறந்து பார்த்தேன். வெளுத்துப்போய், ஒருச்சாய்த்துக் கிடந்தது மீன்.

அதைக் காப்பாற்ற எனக்குத் தெரியும். சட்டியில் இருந்த தண்ணீரில் என் தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக, விட்டு விட்டுக் கலந்தேன். சாயங்காலம் மெதுவாகத் தொட்டிக்குள் இறக்கினேன். சாரதா ஊருக்குப் போகவில்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் காலையில் மீன் நிமிர்ந்து நின்றது. அதற்கடுத்த நாள் நீலப் பொட்டுகள் திரும்ப வந்துவிட்டன.

சாரதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை பட்டதும் பொழைச்சிருச்சே மதினி. எங்கிட்ட மட்டும் ஏன் இப்படிச் சாகுது?"

உண்மை அவள் கண்ணுக்கு முன்னால் நீந்திக்கொண்டிருந்தது. தண்ணீர் மாறியது, மீன் பிழைத்தது. அவளுக்கு அது தெரியவில்லை; என் கைதான் தெரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறக்கவும் திறந்தேன்.

"சில பேரு கைக்குச் சில உசுரு ஒத்துவராது சாரதா. உன் மேல தப்பு இல்ல. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

சொன்னேன். ஆறுதல் சொல்கிற குரலில், முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். ச்சீ!

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஊருக்குப் போனவள், சூதுவாது தெரியாதவள், அதை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மதினி கை நல்ல ராசியான கை, என் கைதான் ஒத்துவரவில்லை என்று. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீடே பார்த்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முருகேசன் விதையும் உரமும் விற்கும் கடை திறந்தான். வத்திராயிருப்பு, மகாராஜபுரம் பக்கத்து விவசாயிகளை நம்பித் திறந்த கடை. விதைக் கடை அல்லவா... முதலில் அள்ளிக் கொடுக்கிற கை எந்தக் கை என்று பார்ப்பார்கள். கடைக்காரன் பெண்டாட்டி அள்ளிக் கொடுப்பதுதான் முறை. சாரதா தலை நிறையப் பூ வைத்து, குங்குமம் தீற்றி, படியேறி வந்தாள். அம்மா அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நீ பொறவு வா தாயி. மொதப் போணி உங்க மதினி கையால ஆகட்டும்."

யாரும் அதட்டவில்லை. யாரும் திட்டவில்லை. எல்லாம் எவ்வளவு தன்மையாக நடந்தது தெரியுமா! சாரதா ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டாள். நான் உள்ளே போய் நெல் விதையை அள்ளிப் பையில் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். சாரதாவும் தட்டினாள். கடை நன்றாக ஓடியது. அதுவும் என் கணக்கிலேயே சேர்ந்தது.

அன்றிலிருந்து பால் காய்ச்சுவதென்றால் நான். மாடு வாங்கிவந்தால் முதலில் கயிறு பிடிக்க நான். மருதாணிக் கொம்பு நடுவதற்குக்கூட ராஜபாளையத்திலிருந்து என்னை வரச் சொல்லி ஆள் வரும். சாரதா சமைப்பாள், துவைப்பாள், மாமியாருக்குக் கால் பிடித்து விடுவாள். எதையும் தொடங்கி வைக்க மாட்டாள். கேட்டால், "எதுக்கு மதினி" என்று சிரிப்பாள்.

வித்யா பிறந்தாள். பிள்ளைக்குச் சோறூட்டக் கோயிலுக்குப் போனோம். பூசாரி கொடுத்த பாயசச் சோற்றைச் சாரதா வாங்கினாள். எந்தத் தாயாவது அதை வேறொருத்தியிடம் கொடுப்பாளா? நேராக என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஊட்டுங்க மதினி. நல்ல கை மொதல்ல படட்டும்."

ஊட்டினேன். குழந்தை என் விரலைச் சப்பியது. சாரதா எட்ட நின்று, சேலைத் தலைப்பால் தன் கைகளை மூடிக்கொண்டு, நிறைந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொன்னேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்டேன். நாளைக்குச் சொல்வோம், பொங்கல் கழியட்டும், அம்மாவுக்கு உடம்பு தேறட்டும்... எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் தொட்டி கண்ணில் படும். எழுந்து அடுப்படிக்குப் போவேன். அங்கே பருப்பு வெந்துகொண்டிருக்கும். வாசலுக்கு வருவேன். வீட்டுக்குள் எனக்கு நிலைகொள்ள ஓரிடம் இல்லை. "என்னத்துக்கு இப்படிக் குட்டி போட்ட பூனையா அலையுத?" என்று என் கணவர் கேட்பார். முழங்கால் வலி, நடந்தால் நல்லது என்பேன்.

வித்யாவுக்குப் பத்து வயதுபோல் இருக்கும்போது, கோடை லீவுக்கு என் வீட்டுக்கு வந்தாள். தாயின் கண் அப்படியே மகளுக்கு. எந்த மீன் எந்த மீனோடு சண்டை, எது தனியாகத் திரிகிறது, எல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீனி டப்பாவை எடுத்து நீட்டினேன்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"நான் போடமாட்டேன் அத்தை. செத்துரும்."

"யாரு சொன்னா?"

"அப்பத்தா சொன்னாக. எனக்கும் எங்க அம்மா கைதானாம்."

டப்பா என் கையிலிருந்து நழுவித் தீனி தரையெல்லாம் சிதறியது. அந்தப் பிள்ளை அதைக் கூட்டிப் பெருக்கக்கூட முன்வரவில்லை. என் தீனியைத் தொடக் கூடாதாம். கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

இதற்கு மேல் முடியாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். மறுநாளே வித்யாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அடுப்படியில் சாரதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே ஊற்றச் சொன்னேன், உன்மேல் பொறாமை, உன் கையில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான் என்று விடாமல் சொன்னேன். சாரதா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் என்னை அடித்திருந்தால், தூ என்று துப்பியிருந்தால், நான் அந்த இடத்திலேயே கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

அவள் எழுந்து வந்து என் கண்ணைத் துடைத்தாள்.

"வித்யா ஏதும் சொல்லிருச்சா மதினி? அதுக்காகப் போயி உங்க பேரையே கெடுத்துக்கிடுவீகளா? எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. விடுங்க."

"நான் நெசமாத்தான் சொல்றேன் சாரதா. அந்தத் தண்ணியில பருப்பு வேகாதுல்ல? அதே கணக்குதான்."

"பருப்புக்கும் மீனுக்கும் என்ன மதினி இருக்கு? அந்தத் தண்ணியிலதான கப்பி அம்புட்டும் பெருகுச்சு."

கப்பிக்கு அந்தத் தண்ணீர் ஒத்துவரும், ராம் மீனுக்கு வராது என்று விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள், நம்பவில்லை. நாளைக்கே ஒரு ஜோடி கொண்டுவருகிறேன், நல்ல தண்ணீரில் நீயே விடு, உன் கையாலேயே வளர், பிழைக்கிறதா இல்லையா என்று பார் என்றேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"வேண்டாம் மதினி" என்றாள். "என் கையைச் சோதிக்கிறதுக்கு இன்னொரு உசுரு எதுக்கு?"

நிலைப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எம் மவ மனசு யாருக்கு வரும். தம்பி பொண்டாட்டி சங்கடப்படக் கூடாதுன்னு பழியத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிடுதா."

கேட்டீர்களா? நான் உண்மையைச் சொன்னேன். அது எனக்கு இன்னொரு நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது! பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது... அந்தப் பொய்யை அத்தனை வருடங்கள் பால் வார்த்து வளர்த்தவள் நான்தானே.

அத்தோடு முடிந்திருந்தாலும் சரி. அந்த வாரம் தெரு அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் வாரம். வீட்டுக்கு ஒரு சட்டியில் மண்ணும் எருவும் நிரப்பி, தானியம் தூவி, வெயில் படாத பொது அறையில் வைத்து வளர்ப்பார்கள். கடைசி நாளில் அதைப் பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலம் போவார்கள். வித்யாவுக்கு அதுதான் முதல் முளைப்பாரி. நான் கிளம்பும் நேரத்தில் சாரதா தானியத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல வேளையா வந்தீக மதினி. வித்யா பேருக்கு நீங்க போட்டுக் குடுத்துருங்க. வளராமப் போச்சுன்னா பிள்ளைக்குப் பேராயிரும்."

"வித்யா போடட்டும்" என்றேன். தட்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளினேன். "நீ போடு கண்ணு. அத்தை பக்கத்துலயே நிக்கேன்."

வித்யா தாயின் முகத்தைப் பார்த்தாள். சாரதா வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள். பிள்ளை பின்னால் நகர்ந்துவிட்டது. வாசலில் தெருப் பெண்கள் சட்டியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

போட மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சட்டி காலியாகவே இருக்கட்டும், என் கையும் சும்மா கை என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று பேருந்து ஏறியிருக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஆமாம், அழுது முடித்த அந்த நேரத்திலும் இருந்தது! அதை மறைத்தால் இத்தனை சொன்னதற்கும் அர்த்தமில்லை.

தானியத்தை அள்ளினேன். தூவினேன்.

தெருவிலேயே வித்யாவின் சட்டியில்தான் முளைப்பாரி அடர்த்தியாக வளர்ந்தது. அந்த அறைக்கு நாள் தவறாமல் தண்ணீர் கொண்டுபோய் அதற்குத் தெளித்தவள் சாரதா என்று பிறகு தெரியவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், கை படாதபடி சொம்பைச் சாய்த்துத் தெளித்தாளாம். ஊர்வலத்தன்று நான் போயிருந்தேன். பச்சையும் மஞ்சளுமாக வளர்ந்த முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு வித்யா என்னைக் கடந்து போனாள். நின்று, திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"பாத்தீகளா அத்தை, உங்க கை ராசியை."

கூட்டத்தில் சாரதாவும் நின்றாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஊர்வலத்தோடு கோயில் வரைக்கும் நடந்தேன்.